போதை ஊசிப் புண்: போதையை விடும்வரை காத்திருக்க வேண்டாம்

உங்கள் தம்பி சில வருஷமாக ஊசி வழியாகப் போதை எடுக்கிறார், முழங்கைக்குக் கீழே வந்த புண் வாரக்கணக்கில் ஆறவில்லை, ஆஸ்பத்திரி என்றாலே மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். போதையை நிறுத்தாமல் புண் ஆறுமா, வீட்டில் என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

ஆறும். நான் புண்களுக்குக் கட்டுப் போடும் செவிலியர். ஊசி போடுபவர்களின் புண்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். போதையை விடாமலே புண் மூடியவர்கள் நிறையப் பேர். "முதலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பப்பட்டு, சின்னக் கட்டியாக இருந்தது எலும்பு வரை போன பிறகு ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களும் உண்டு. போதையை விட்டால் புண் சீக்கிரம் ஆறும், புதிதாக வருவதும் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தனிச் சிகிச்சை, அதற்குக் காலம் பிடிக்கும். புண் அதுவரை பொறுத்திருக்காது.

வீட்டில் செய்யக்கூடியதற்கு முன்னால், வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாத நிலைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது காய்ச்சல். ஊசி போடுபவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று ஒதுக்காதீர்கள். தோலில் இருக்கும் கிருமி ஊசியோடு ரத்தத்தில் இறங்கி இதய வால்வில் தங்கிவிடலாம். இவர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்க வால்வில்தான் அது பிடிக்கும். அங்கிருந்து துணுக்குகள் உடைந்து நுரையீரலுக்குப் போனால் இருமலும் நெஞ்சு வலியும் வரும். இதற்கு ரத்தம் எடுத்து கல்ச்சர் (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) வைத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். அலமாரியில் மிச்சமிருக்கும் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் கல்ச்சரில் கிருமி பிடிபடாமல் போகலாம்.

இரண்டாவது, புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி. மேலே பார்த்தால் கொஞ்சம் சிவப்பு, ஆனால் தொடவிடாமல் கதறுகிறார், சில மணி நேரத்தில் வீக்கம் பரவுகிறது, தோல் ஊதா நிறமாகிறது, கொப்புளம் எழுகிறது, அழுத்தினால் தோலுக்கடியில் காற்று நறநறக்கிறது என்றால், தசையை மூடியிருக்கும் சவ்வு அழுகத் தொடங்கியிருக்கலாம். இதற்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, உடனே அறுவை செய்து அழுகியதை வெட்டி எடுக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலித்துக்கொண்டிருந்த இடம் திடீரென்று மரத்துப்போவதும் நல்ல அறிகுறி அல்ல.

மூன்றாவது, இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமை. புண்ணுக்குள் வளரும் பாட்டுலிசம் கிருமியின் நஞ்சு இதைச் செய்யும். பார்ப்பவர்கள் போதை மயக்கம் என்று நினைத்துவிடுவார்கள். மூச்சுத் தசைக்கு இறங்குவதற்குள் நஞ்சை முறிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். இவை தவிர, விடாத முதுகுவலியோடு கால் பலவீனமோ சிறுநீர் அடைப்போ வந்தால் தண்டுவடத்தை அழுத்தும் சீழாக இருக்கலாம். ஊசி போட்டதும் விரல்நுனி வரை நெருப்பாக எரிந்து, விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ ஆனால் மருந்து தமனிக்குள் போயிருக்கிறது. இரண்டும் அவசரம்.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாமல் கத்தி வைத்து உயிர் போகிற இடம் இது. கைநரம்புகள் (ஊசி போடும் ரத்தக் குழாய்கள்) எல்லாம் அடைபட்ட பிறகு பலர் தொடை இடுக்கில் போடுவார்கள். அங்கே ஒரு கட்டி வந்தால் இரண்டு விரல்களை அதன் இரு பக்கமும் மெதுவாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிறதா? அப்படியானால் அது சீழ்க்கட்டி இல்லை. ஊசி குத்திக் குத்திச் சுவர் கிழிந்த தமனி, அங்கே பையாக உப்பியிருக்கிறது. கீறினால் ரத்தம் நிற்காது. துடிப்பு தெரியாவிட்டாலும் நிம்மதி அடைய முடியாது. ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் துடிப்பு விரலுக்கு எட்டாது. தொடை இடுக்கு, கழுத்து, அக்குள், இந்த மூன்று இடங்களில் எந்தக் கட்டியானாலும் ஸ்கேன் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வீட்டில் யாரும் பிளேடை எடுக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லை, ஆறாத புண் மட்டும்தான் என்றால் அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். ஊசி நரம்பைத் தப்பினால் மருந்து தசையிலும் தோலடிக் கொழுப்பிலும் கொட்டும். மாத்திரையைப் பொடித்துக் கரைத்தால் அதிலிருக்கும் டால்க்கும் மாவுப்பொருளும் கரையாமல் போய் அடைக்கும். ஹெராயினைக் கரைக்க எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ கூடுதலாகச் சேர்த்தால் சுடும். பென்டசோசின் என்ற வலி மருந்து ஊசி நாளடைவில் தோலையும் தசையையும் மரக்கட்டை போல இறுக்கிவிடும், அதன் நடுவில் வரும் புண் லேசில் மூடாது. கோகெய்ன் அந்த இடத்தையே மரக்கச் செய்வதால், ஊசி நரம்பைத் தப்பியதே தெரியாமல் முழு டோஸையும் ஏற்றிவிடுவார்கள். இத்தோடு கிருமி சேரும். பெரும்பாலும் நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ். ஊசி முனையை நாக்கால் நக்கும் பழக்கம் இருந்தால் வாய்க் கிருமிகள். சரக்கிலேயே கிருமி வருவதும் உண்டு. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி ஹெராயின் வழியே பரவி, ஊசி போடுபவர்கள் பலர் இறந்தார்கள். 2009 கடைசியில் ஸ்காட்லாந்தில் இதே வழியில் ஆந்த்ராக்ஸ் வந்தது.

சமீப வருஷங்களில் புண்ணின் முகமே மாறியிருப்பது சைலசின் கலந்த சரக்கால். அது மாடு, குதிரைகளை மயக்கப் பயன்படுத்தும் கால்நடை மருந்து, மனிதர்களுக்கானதல்ல. அமெரிக்காவில், முக்கியமாக ஃபிலடெல்ஃபியாவில், ஹெராயின் வகையைச் சேர்ந்த வீரியமான ஃபென்டனிலோடு இதைக் கலந்து விற்கத் தொடங்கிய பிறகு, ஊசி குத்தாத முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும்கூடக் கறுத்து அழுகும் புண்கள் வந்தன. பார்க்க மிகக் கோரமாக இருக்கும், பார்த்தவுடன் கையை எடுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலானவை ஈரப்பதம் காத்து, மூடிவைத்து, பொறுமையாகக் கட்டு மாற்றினால் ஆறுகின்றன. எலும்பு வெளியே தெரிந்தாலோ தசைநார் செத்திருந்தாலோதான் கணக்கு வேறு. உங்கள் தம்பியின் புண் ஊசி போட்ட இடத்திலேயே இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். மருத்துவரிடம் சொல்ல அது உதவும்.

இனி கட்டு மாற்றுவது. பழைய கட்டைப் பிய்த்து எடுப்பதில்தான் பாதிப் பேர் சிகிச்சையையே வெறுத்துவிடுகிறார்கள். காய்ந்து ஒட்டிய துணியைச் சலைனாலோ, கொதித்து ஆறிய தண்ணீராலோ நன்றாக நனைத்துவிட்டு, பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். பிறகு ஓரத்திலிருந்து, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துணியைப் புண்ணை ஒட்டியே தாழ்வாக மடித்து இழுங்கள், மேல்நோக்கித் தூக்காதீர்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே மறுபடி நனையுங்கள். அவரையே எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. தன் கையால் எடுக்கும்போது வலி எங்கே வரும் என்று அவருக்கு முன்பே தெரியும், உடம்பு இறுகாது.

எடுத்த பிறகு சுத்தமான ஓடும் தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்து, புதிதாக முளைக்கும் சதையையும் கொல்லும். மஞ்சள் தூளோ, மாத்திரையைப் பொடித்தோ தூவவும் கூடாது. புண்ணைக் காற்றாட விட்டால் காய்ந்து ஆறும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. உண்மை நேரெதிர்: காய்ந்த புண்ணில் புதுத் தோல் நகர முடியாது. வாசலின் தடவிய ஒட்டாத காஸை முதலில் வையுங்கள், நீர் கசிவதற்கேற்ப அதன் மேல் பஞ்சு வைத்த பேடு, அதன் மேல் சுருள் கட்டு. பிளாஸ்திரியைத் தோலில் நேராக ஒட்ட வேண்டாம், புண்ணைச் சுற்றிய தோல் எளிதில் உரிந்து வரும். சுற்றியுள்ள தோலுக்கும் கொஞ்சம் வாசலின் தடவினால் கசிவு அதை ஊறவைக்காது. கட்டு இறுக்கமாக இருந்து விரல் வீங்கினாலோ மரத்தாலோ தளர்த்துங்கள். பொதுவாகத் தினம் ஒருமுறை மாற்றினால் போதும், நனைந்தால் உடனே.

கறுத்துக் காய்ந்து ஓடு போல இறுகிய தோலை உரிக்க ஆசை வரும். உரிக்காதீர்கள். அது காய்ந்து, ஓரம் கெட்டியாக, சீழும் சிவப்பும் இல்லாமல் இருந்தால் அதை எப்போது, எப்படி எடுப்பது என்பதைப் பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். மருத்துவத் தேன், ஹைட்ரோஜெல், செத்த சதையை மட்டும் கரைக்கும் கொலாஜினேஸ் களிம்பு என்று கத்தியில்லாமல் இளக்கும் வழிகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

அவர் அந்தப் புண்ணிலேயே ஊசி போடுகிறாரா என்று கேளுங்கள். கேட்கச் சங்கடம்தான். ஆனால் பலர் போடுகிறார்கள். வேறு நரம்பு கிடைக்காது, புண்ணின் ஓரத்தில் ரத்தம் எளிதாக வரும், அங்கே மரத்திருப்பதால் வலிக்காது. "ஏன் இப்படிச் செய்கிறாய்" என்று கேட்டால் இல்லை என்பார். "புண்ணில் போட்டால்தான் ரத்தம் கிடைக்கிறதா?" என்று சாதாரணமாகக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார். புண்ணிலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கட்டும் பலிக்காது. வேறு இடம், அல்லது ஊசியே இல்லாத வேறு வழி, இரண்டில் எதற்கு நகர்ந்தாலும் புண்ணுக்கு அது லாபம். போடத்தான் போகிறார் என்றால் ஒவ்வொரு முறையும் புது ஊசி, புதுப் பஞ்சு, ஸ்டெரைல் தண்ணீர், கரைக்கும் கிண்ணத்தையும் யாரோடும் பகிராமை, போடும் முன் கை கழுவி அந்த இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் ஒரே திசையில் துடைத்துக் காயவிடுதல், ஊசி முனையை நக்காமை. ஸ்பிரிட் முழுத்தோலுக்குத்தான், புண்ணுக்கு அல்ல. ஊசி மாற்றுத் திட்டம் நடத்தும் இடங்களில் இவற்றை இலவசமாகக் கொடுப்பார்கள், பல இடங்களில் புண்ணுக்கும் அங்கேயே கட்டுப் போடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மறுப்பவர்கள் அங்கே போகச் சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? சூடாக, அழுத்தினால் மெதுக்கென்று இருக்கும் கட்டியாக இருந்தால் அது சீழ். கீறி வடிப்பதுதான் மருந்து. மாத்திரை அதற்குத் துணையே தவிர மாற்று இல்லை. கீறும் முன் ஊசி முனை உள்ளே ஒடிந்து கிடக்கிறதா என்று அவர் சொல்லிவிட வேண்டும், கீறுபவரின் விரலுக்கு அது ஆபத்து. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்பார்கள். நினைவில்லை என்றால் போட்டுக்கொள்வதே சரி. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளுக்கும் அதே ரத்தத்தில் சம்மதிக்கச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் சி இப்போது 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு முழுதாகக் குணமாகிறது. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. புண் வாரக்கணக்கில் ஆறவில்லை என்பதால் சர்க்கரை அளவும், எலும்பில் இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டியிருக்கும். சிறுநீரும் பாருங்கள். வருஷக்கணக்கில் சீழ் வடியும் புண்கள் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அது மெல்ல மெல்லச் செயலிழக்கலாம். சிறுநீரில் நுரையும் கால் வீக்கமும்தான் முதலில் தெரியும்.

உங்கள் தம்பி வர மறுப்பதற்குப் புண் காரணமாக இருக்காது. போன தடவை அங்கே என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் வெளியே உட்கார வைத்திருப்பார்கள், மரக்காமலே கீறியிருப்பார்கள், எல்லோர் முன்னாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், போதை இறங்கி உடம்பு முறியத் தொடங்கும் பயம். ஹெராயின் எடுப்பவருக்குக் கடைசி டோஸிலிருந்து 8 மணி நேரம் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் அது தொடங்கலாம்: கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் உளைச்சல். ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே நள்ளிரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களை ஒழுங்கீனம் என்று எழுதி வைப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் போனது அந்த வேதனை தாங்காமல்தான். இந்த வேதனையை அடக்கும் மாற்று மருந்தான மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ சரியான அளவில் முதல் நாளே கொடுத்தால் தங்குகிறார்கள், ஆன்டிபயாடிக்கை முடிக்கிறார்கள். புண் சிகிச்சையில் நான் முதலில் வைப்பது இதைத்தான், களிம்பை அல்ல.

வலி மருந்தும் அப்படியே. ஓபியாய்டு (ஹெராயின் வகை மருந்து) பழகிய உடம்புக்குச் சாதாரண அளவு எட்டாது. போதைக்குக் கேட்கிறார் என்று சந்தேகித்து மறுப்பது கொடுமை, மருத்துவமாகவும் தவறு. சீழ் பிடித்த சதை அமிலமாக இருப்பதால் மரக்கும் ஊசியும் அங்கே சரியாக வேலை செய்யாது. கட்டியைச் சுற்றி நல்ல தோலில் போட்டுக் காத்திருக்க வேண்டும், பெரிய கட்டிக்கு மயக்க மருந்து கேட்கலாம். ஏற்கெனவே மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுப்பவருக்கு அந்தத் தினசரி டோஸ் நிற்கக் கூடாது. வலி மருந்து அதற்கு மேலே தனியாக.

ஆகவே கூட்டிப் போகும் அன்று காலை "இன்றைக்கு மட்டும் எடுக்காமல் வா" என்று சொல்ல வேண்டாம். உடம்பு முறிந்த நிலையில் யாரும் வரிசையில் உட்கார மாட்டார்கள். என்ன சரக்கு, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, இவற்றை அவர் உண்மையாகச் சொல்லட்டும். டோஸ் கணக்குப் போடுவதற்கு அது வேண்டும். நீங்கள் கூட இருங்கள். படுக்கை கிடைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இவருக்கு உடம்பு முறியாமல் இருக்க எப்போது மருந்து கொடுப்பீர்கள்?" என்பது. இதய வால்வு, எலும்பு என்று நீண்ட சிகிச்சை சொன்னால் வாரக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். சிலருக்கு மாத்திரைக்கு மாற்ற முடியும். வாரம் ஒருமுறை ஏற்றும் டால்பாவான்சின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இருக்கின்றன. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்காவிட்டால் பேச்சே எழாது.

திரும்பி வரும் நாள்தான் ஆபத்தான நாள். அங்கே குறைவாகவோ எடுக்காமலோ சில நாள் இருந்ததால் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். ஹெராயின் அளவு மீறி நின்ற மூச்சை மீட்கும் நாலாக்ஸோன் மருந்து வீட்டில் இருக்கட்டும், அதை எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். சைலசின் கலந்திருந்தால் அதைக் கொடுத்தும் அவர் உடனே விழிக்காமல் இருக்கலாம். மூச்சு சீராக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காலில் புண் என்று வேறு யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. தொடை இடுக்கில் போட்டுப் போட்டு ஆழத்து நரம்பு அடைத்தவர்களுக்குக் கணுக்காலில் வரும் புண், காலுக்கு அழுத்தக் கட்டுப் போடாமல் லேசில் ஆறாது. ஆனால் பாதத்துக்கு ரத்த ஓட்டம் போதுமா என்று கணுக்காலில் ரத்த அழுத்தம் அளந்த பிறகுதான் அதைப் போட வேண்டும்.

கைப்புண் மூடத் தொடங்கும்போது நடுவில் சிவந்த, பொடிப்பொடியான சதை தெரியும். லேசாக ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம், அதுதான் நல்ல சதை. ஓரத்திலிருந்து வெளிர் ரோஜா நிறத்தில் தோல் உள்நோக்கி நகரும். இந்தக் காலத்தில் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கூடுதலாகச் சாப்பிடட்டும், புகையைக் குறைத்தால் நல்லது. புண் பெரிதாக இருந்தால் தோல் ஒட்டு வைக்கும் பேச்சு வரும். வைத்த இடத்தில் மறுபடி ஊசி போட்டால் ஒட்டு போய்விடும் என்பதால் அங்கே போடாமல் இருக்க முடியுமா என்று அவரிடமே நேராகக் கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். மூடிய பிறகு அந்தத் தோல் மெல்லியது, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இருக்காது. தினம் இரண்டு முறை வாசலின் தடவி, வெயில் படாமல் மூட வேண்டும். முன்கைப் புண்ணில் தழும்பு சுருங்கி மணிக்கட்டையும் விரல்களையும் இழுக்கும், ஆகவே விரல்களை முழுதாக நீட்டி மடக்கும் பயிற்சியைப் புண் மூடும்வரை தள்ளிப்போடாமல், வலி அனுமதித்த முதல் நாளிலிருந்தே பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.